எந்த அலிப்பூர்?

கொல்கத்தாவின் தென்பகுதியில், ஆதி கங்கை என்று மக்கள் வழங்கும் பழைய நீர்வழியை ஒட்டி அமைந்துள்ள அலிப்பூர், இந்தியத் துணைக்கண்டத்தில் அப்பெயரைத் தாங்கி நிற்கும் பல ஊர்களுள் ஒன்று. தில்லியின் வட எல்லையில், பஞ்சாபை நோக்கிச் செல்லும் பெருவழியின் மீது ஓர் அலிப்பூர் இருக்கிறது. குஜராத்தின் நவ்சாரி மாவட்டத்தில் சிக்லிக்கு அருகே ஒன்றும், கர்நாடகத்தின் கௌரிபிதனூர் வட்டத்தில் ஷியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒன்றும் இருக்கின்றன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஐந்து ஆறுகளின் நீரும் ஒன்றுசேரும் பஞ்சநதத்துக்கு அண்மையில், வேறோர் அலிப்பூர் வட்டத் தலைமையிடமாக விளங்குகிறது. மேற்கு வங்கத்திலேயே, கொல்கத்தாவுக்கு வடக்கே நெடுந்தொலைவில், பூட்டான் மலையடிவாரத்தில் அலிப்பூர்துவார் என்னும் நகரமும் அதே பெயரிலான மாவட்டமும் உள்ளன. புந்தேல்கண்டில் ஆங்கிலேயர் காலத்தில் தனிச் சிற்றரசாக இருந்த அலிபுராவைச் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும்.

ஒரே பெயரைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்வது அஞ்சல்காரருக்கும் பதிவாளருக்கும் தொல்லை தருவது என்ற அளவில்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. அந்தத் தொல்லை உண்மையானது. அதைத் தீர்க்க அரசுகள் மேற்கொண்ட முயற்சிகளும் அறியத் தக்கவை. ஆனால் ஒரு பெயர் நாடெங்கும் திரும்பத் திரும்ப வருவதற்குப் பின்னால், காட்டை அழித்துக் குடியேறியவர் யார், அந்நிலத்தைக் கொடுத்தவர் யார், எத்தனை காலத்துக்கு வரி தள்ளி வைக்கப்பட்டது என்பன போன்ற செய்திகள் படிந்து கிடக்கின்றன. இரண்டு ஊர்களைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் பெயரின் முன்னும் பின்னும் சேர்க்கப்பட்ட சொற்களோ, பெயரைவிடவும் கூடுதலாகப் பேசுகின்றன. பொதுப் பெயரை ஒரு குறையாகக் கருதி மாற்றிவிட முனைவோர் பெயரில் படிந்த இந்தச் செய்திகளைக் கவனிப்பதே இல்லை.

அலிப்பூர் என்ற பெயரின் ஆக்கம் எளியது. அலி என்பது நபிகள் நாயகத்தின் மருமகனும் நான்காம் கலீபாவுமான அலியின் பெயர். அப்பெயரைத் தம் பெயரின் ஒரு பகுதியாகக் கொண்ட படைத்தலைவர்களும் நிலக்கிழார்களும் அதிகாரிகளும் முகலாயர் காலம் முழுவதும் எண்ணற்றோர். பூர் என்பது வடமொழியின் புரம் என்ற சொல்லின் வட இந்திய வடிவம். முதலில் அரணுடைய நகரைக் குறித்த அச்சொல், நாளடைவில் எந்தக் குடியிருப்புக்கும் பொருந்தும் பொதுவான ஈறாயிற்று. ஆகவே ஓர் அலிப்பூர் மற்றோர் அலிப்பூரிலிருந்து கிளைத்ததாக இருக்க வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலி ஒருவர் இருந்திருக்கக் கூடும். சில ஊர்களில் அது கலீபா அலியிடம் கொண்ட பற்றினால் மட்டும் அமைந்த பெயராகவும் இருந்திருக்கலாம்.

கொல்கத்தா அலிப்பூரின் அலி, வங்க நவாபாக இருந்த மீர் ஜாபர் அலி கான் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. 1757ஆம் ஆண்டு பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயரால் நவாபாக்கப்பட்ட மீர் ஜாபர், அதே ஆண்டில் கொல்கத்தாவைச் சூழ்ந்த 24 பர்கனாக்களின் ஜமீன் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். பர்கனா என்பது பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு. 1760இல் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, 1763இல் மீண்டும் ஏற்றப்படும் வரையில் அவர் கொல்கத்தாவில் தங்கியிருந்தார். அந்தத் தங்கலோடுதான் ஊர்ப்பெயர் இணைத்துச் சொல்லப்படுகிறது. அவர் கம்பெனிக்குக் கொடுத்த நிலப்பகுதியின் பெயர் இருபத்து நான்கு பர்கனா மாவட்டமாக நிலைத்தது. 1986இல் அது வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தபோது தெற்கு மாவட்டத்தின் தலைமையிடம் அலிப்பூரிலேயே தொடர்ந்தது. ஆட்சியை இழந்த ஒரு நவாபின் பெயரைத் தாங்கியதாகக் கருதப்படும் இடத்திலிருந்து, அவர் கொடுத்த நிலத்தின் ஒரு பகுதி இன்றும் நிர்வகிக்கப்படுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த அலிப்பூர் தொலைவான இடமன்று. 1908ஆம் ஆண்டு மே மாதம் கைது செய்யப்பட்ட அரவிந்தர் ஓராண்டு சிறையிருந்ததும், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு என வரலாற்றில் பெயர்பெற்ற விசாரணை நடந்ததும் இங்கேதான். சித்தரஞ்சன் தாஸ் வாதாடிய அவ்வழக்கில் 1909 மே 6ஆம் நாள் அரவிந்தர் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேந்திரநாத் கோஸ்வாமியைச் சிறைக்குள்ளேயே சுட்டுக்கொன்ற கனாயிலால் தத்தும் சத்தியேந்திரநாத் போஸும் 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். அலிப்பூர் மத்தியச் சிறை 2022இல் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

சிறையைத் தவிர, 1876இல் திறக்கப்பட்ட விலங்குக் காட்சிசாலை, 1952இல் இயங்கத் தொடங்கிய நாணயச் சாலை, கொல்கத்தாவின் வெப்பநிலை என்று செய்திகளில் சொல்லப்படும் அளவைப் பதிவுசெய்யும் வானிலை ஆய்வு நிலையம் ஆகியனவும் இந்த ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. பெல்வெடேர் மாளிகையில் இயங்கும் தேசிய நூலகத்தைத் தமிழ்ப் பதிப்பாளர் அனைவரும் அறிவர். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் இங்கே வந்து சேர வேண்டும். அச்சட்டத்தின் கீழ் சென்னையின் கன்னிமாரா நூலகமும் படி பெறும் நூலகங்களுள் ஒன்று. கோயம்புத்தூரிலோ சிவகாசியிலோ அச்சான தமிழ்ப் புத்தகம் அஞ்சலில் ஏறி அலிப்பூருக்குப் போகிறது. உறையின் மேல் அலிப்பூர் என்று மட்டும் எழுதப்பட்டால் அது எந்த அலிப்பூர் என்ற கேள்வி, அஞ்சலைப் பிரிப்பவருக்கு வேலையின் ஒரு பகுதி.

அலிப்பூர்துவாரின் அலி முற்றிலும் வேறானவர். காலத்தால் ஒரு நூற்றாண்டு பிந்தியவர். இமயமலையடியில் பூட்டானுக்கும் வங்க, அஸ்ஸாம் சமவெளிகளுக்கும் இடையே உள்ள கணவாய்களும் அவற்றின் கீழே பரந்துள்ள தாழ்நிலமும் துவார் என்று பெயர்பெற்றன. வாயில் என்பதே அச்சொல்லின் பொருள். வங்கப் பக்கம் பதினொன்றும் அஸ்ஸாம் பக்கம் ஏழுமாக அத்தகைய துவார்கள் பதினெட்டு. இவற்றின் உரிமை குறித்து 1864, 1865ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கும் பூட்டானுக்கும் போர் மூண்டது. 1865 நவம்பரில் சின்சுலாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி துவார்கள் ஆங்கிலேயர் வசமாயின, அதற்கு ஈடாகப் பூட்டானுக்கு ஆண்டுதோறும் பணம் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்போரில் பணியாற்றி, பின்னர் இப்பகுதியின் நிர்வாகத்திலும் பங்கேற்ற கர்னல் ஹிதாயத் அலி கானின் பெயராலேயே ஊருக்கு அலிப்பூர் என்று பெயர் அமைந்தது. கொல்கத்தாவின் அலிப்பூர் ஏற்கெனவே மாகாண அளவில் பெயர்பெற்றுவிட்ட நிலையில், புதிய ஊரை அதிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. நிலத்தின் இயல்பையே எடுத்துப் பின்னொட்டாக்கி அலிப்பூர்துவார் என்றனர். 2014 ஜூன் 25ஆம் நாள் ஜல்பாய்குரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு இது தனி மாவட்டமானது.

இங்கே பெயரின் முற்பகுதி ஒரு தனிமனிதரைப் பற்றிப் பேச, பிற்பகுதி ஒரு நாட்டின் எல்லையே மாறிய கதையைச் சொல்கிறது. துவார் என்ற மூன்றெழுத்தை நீக்கிவிட்டால், காளஜானி ஆற்றங்கரையில் உள்ள அந்நகரம் பூட்டானின் வாயிலாக இருந்தது என்ற செய்தியும் உடன் போய்விடும்.

தில்லி அலிப்பூருக்கு அத்தகைய பின்னொட்டு எதுவும் வாய்க்கவில்லை. அதன் பெயருக்குக் காரணமான அலி யாராயினும், அது பெருவழியின் மேல் இருந்த காரணத்தால் 1857ஆம் ஆண்டின் எழுச்சி வரலாற்றில் இடம்பிடித்தது. அம்பாலாவிலிருந்து கர்னால் வழியாக வந்த ஆங்கிலப் படையும், மீரட்டிலிருந்து வந்த படையும் அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அங்கேதான் ஒன்றுசேர்ந்தன. ஜூன் 8ஆம் நாள் பாத்லி கி சராய் என்ற இடத்தில் நடந்த போருக்குப் பின் அப்படை தில்லியின் வடக்கே உள்ள குன்றை அடைந்து முற்றுகையைத் தொடங்கியது. இந்நிகழ்ச்சிகளை எழுதிய ஆங்கிலேயர் பலர் இந்த ஊரின் பெயரையும் கொல்கத்தா அலிப்பூரின் பெயரை எழுதிய அதே எழுத்துகளாலேயே எழுதினர். 1857ஐப் பற்றிய கடிதத்தொகுப்பொன்றைப் புரட்டும் வாசகர், அலிப்பூர் முகாம் என்ற தலைப்பைக் கண்டு வங்கத்தை நினைத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல இயலாது.

எழுத்துமுறை இவ்விடத்தில் தனியாகக் கவனிக்கத் தக்கது. ஆங்கிலத்தில் இன்று கொல்கத்தா அலிப்பூரின் ஈற்றை, பாரக்பூர், சீராம்பூர் ஆகிய ஊர்களின் பழைய ஆங்கில எழுத்துமுறையைப் பின்பற்றி ஒருவகையாகவும், தில்லி அலிப்பூரின் ஈற்றை வேறுவகையாகவும் எழுதுகின்றனர். இந்த வேறுபாட்டுக்கு ஒலியிலோ பொருளிலோ காரணம் கிடையாது. குமாஸ்தாக்களின் கைப்பழக்கம் நிலைத்துவிட்டது, அவ்வளவே. வங்காள எழுத்திலும் தேவநாகரியிலும் தமிழிலும் எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்து, எல்லா அலிப்பூர்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இந்திய மொழிகளில் எழுதுவோர், ஊர்ப்பெயரோடு மாநிலத்தையோ பெரிய நகரத்தையோ சேர்த்துச் சொல்லும் பொறுப்பை ஆங்கிலத்தில் எழுதுவோரைவிடக் கூடுதலாக ஏற்க வேண்டியவர்களாகின்றனர்.

ஒரே பெயர் பல ஊர்களுக்கு அமைவதை உலகில் மிகத் தெளிவாகக் காட்டும் நாடுகளுள் ஒன்று நடு ஐரோப்பாவில் உள்ள செக் குடியரசு. சுமார் ஆறாயிரத்து இருநூற்றைம்பது ஊராட்சிகளைக் கொண்ட அந்தச் சிறிய நாட்டில், நோவா வெஸ், ல்ஹோட்டா என்ற இரண்டு பெயர்கள் தனித்தும் பிற சொற்களோடு சேர்ந்தும் நூற்றுக்கணக்கான இடங்களில் காணப்படுகின்றன. நோவா வெஸ் என்றால் புதிய ஊர். தமிழ்நாட்டின் புதூருக்கும் புதுப்பட்டிக்கும் புதுச்சேரிக்கும் அது நேரான இணை. ல்ஹோட்டா என்ற பெயர், குறித்த காலக்கெடுவைச் சுட்டும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. இடைக்காலத்தில் காட்டைத் திருத்திக் கழனியாக்க முன்வந்த குடியானவர்களுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகள் வரையில் நிலவுடைமையாளருக்குச் செலுத்த வேண்டிய வரியும் பிற கடமைகளும் விலக்கப்பட்டன. அந்தக் கெடுவின் பெயரே ஊரின் பெயராயிற்று. ஆண்டுகள் கழிந்து வரி வந்துவிட்டது. பெயர் மட்டும் சலுகையை நினைவில் வைத்திருக்கிறது.

வரிச்சலுகை ஊர்ப்பெயராவது தமிழகத்துக்கு மிக அறிமுகமான வழக்கம். சோழர், பாண்டியர் காலங்களில் பிராமணர்களுக்கு வரி நீக்கி அளிக்கப்பட்ட ஊர்கள் பிரமதேயம் எனப்பட்டன. அச்சொல்லின் மருவிய வடிவமாகிய பிரம்மதேசம் என்ற பெயரில் அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒன்றும், விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றும், செய்யாறு பகுதியில் ஒன்றும் இன்றும் உள்ளன. பிற்காலத்தில் இஸ்லாமிய ஆட்சியாளரிடமிருந்தும் நாயக்கரிடமிருந்தும் பெற்ற வரியில்லா நிலங்கள் இனாம் என்று வழங்கப்பட, இனாம் மணியாச்சி போன்ற பெயர்கள் தோன்றின. வங்கத்தில் முகலாய அதிகாரிகள் கிழக்குப் பகுதிக் காடுகளைத் திருத்தி நெல் விளைவிக்க முன்வந்தோருக்கு வரியில்லா நிலங்களை வழங்கியதையும், அந்நிலங்களில் மசூதியை மையமாக்கிப் புதிய ஊர்கள் எழுந்ததையும் வரலாற்றறிஞர் ரிச்சர்ட் ஈட்டன் 1993இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நிலக்கொடை பெற்றவரின் பெயரோடு பூர் என்ற ஈறு சேர்ந்து ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்கள் பிறந்த சூழல் இதுதான். செக் நாட்டில் சலுகையே பெயரானது. தமிழகத்தில் சலுகையின் வகை பெயரானது. வங்கத்தில் சலுகை பெற்ற மனிதர் பெயரானார். மூன்றிலும் பெயர்கள் பெருகியதற்குக் காரணம், ஒரே வகையான ஏற்பாடு பல இடங்களில் செய்யப்பட்டமையே.

செக் நாட்டில் ஊயெஸ்த் என்பதும் அடிக்கடி வரும் ஊர்ப்பெயர். குதிரையில் ஏறிச் சுற்றிவந்து எல்லை வகுத்த நிலம் என்பது அதன் பொருள். சோழர் செப்பேடுகளைப் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: தானமாகக் கொடுக்கும் ஊரின் எல்லையை, அதிகாரிகளும் ஊராரும் உடன்வர ஒரு பெண் யானையை நடத்திச் சென்று, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு உறுதிப்படுத்துவது அக்கால முறை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது எல்லை வகுக்கப்பட்ட விதம், லெய்டன் நகரில் பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடுகளில் பதிவாகியுள்ளது. குதிரைக்குப் பதில் யானை என்பதைத் தவிர நடைமுறை ஒன்றே. செக் நாட்டின் போஹீமியாவும் சோழநாடும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே தேவைக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

பெயர்கள் மிகுந்துபோனபோது அவற்றைப் பிரித்துக் காட்டச் செக் மக்கள் கையாண்ட வழிகளுக்குப் பிரோட் என்ற பெயர் நல்ல சான்று. ஆற்றைக் கால்நடையாகக் கடக்கத் தக்க துறை என்று பொருள்படும் அப்பெயர், செஸ்கி பிரோட் என்ற ஊரில் செக் நாட்டுக்குரிய துறையாகவும், உஹெர்ஸ்கி பிரோட் என்ற ஊரில் ஹங்கேரிப் பக்கத்துத் துறையாகவும், ஷெலெஸ்னி பிரோட் என்ற ஊரில் இரும்புத் துறையாகவும் நிற்கிறது. நான்காவதான நெமெட்ஸ்கி பிரோட், ஜெர்மானியர் துறை என்று பொருள்பட வழங்கி வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், ஜெர்மானிய ஆட்சியின் கொடுமைகளைக் கண்ட அந்நாட்டில் அவ்வடைமொழி நிலைக்க முடியாமற்போக, அவ்வூரோடு தொடர்புடைய கவிஞரும் இதழாளருமான காரெல் ஹாவ்லிச்செக்கின் பெயரால் அது ஹாவ்லிச்கூவ் பிரோட் என மாற்றப்பட்டது. துறை அப்படியே இருக்கிறது. அடைமொழிதான் அரசியலுக்கு ஈடுகொடுத்தது. பொதுப் பெயரைக் காத்துக்கொண்டு அடைமொழியை மட்டும் மாற்றிய இந்த வழி, ஊர்ப்பெயரையே முழுவதுமாகத் துடைத்தெறியும் வழியைவிட மேலானது.

தமிழ்நாட்டு ஊர்கள் இதே தேவைக்குக் கண்ட வழி இது: மனிதர்களைப் போலவே ஊர்களும் தலைப்பெழுத்து வைத்துக்கொண்டன. மதுரை மாவட்டத்தில் தே. கல்லுப்பட்டி, தேனி மாவட்டத்தில் ஜி. கல்லுப்பட்டி, மதுரை நகருக்குள்ளேயே கோ. புதூர், சிவகங்கை மாவட்டத்தில் எஸ். புதூர் என இவ்வகைப் பெயர்கள் தென்மாவட்டங்களில் நிறைந்துள்ளன. அந்த எழுத்து பெரும்பாலும் பக்கத்தில் உள்ள பழைய ஊரையோ, பண்டைய பாளையத்தையோ குறிக்கும், தே. என்பது தேவன்குறிச்சியையும் கோ. என்பது கோசாகுளத்தையும் சுட்டுகின்றன. அதாவது தாய்க்கிராமம் எது, அதிலிருந்து பிரிந்த புதுக்குடியிருப்பு எது என்ற உறவை ஒற்றை எழுத்து தாங்கி நிற்கிறது. பெரிய, சின்ன, மேல, கீழ, வட, தென் என்ற அடைகளும், புஞ்சை புளியம்பட்டியில் போல நிலவகையைக் குறிக்கும் அடைகளும், நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூரில் போல அண்டை ஊரை இணைத்துச் சொல்லும் முறையும் இதே வரிசையில் அடங்கும். திண்டுக்கல்லுக்கு அருகே உள்ள வடமதுரை, பெயரளவில் உத்தரப் பிரதேசத்து மதுராவையும் வைகைக்கரை மதுரையையும் ஒருங்கே நினைவூட்டி, திசையால் தன்னை வேறுபடுத்திக் கொள்கிறது.

வங்கத்தின் நிலப்பதிவு முறை இச்சிக்கலை எண்ணால் தீர்த்தது. அங்கே வருவாய்க் கணக்கின் அடிப்படை அலகு மௌஜா எனப்படும். தமிழ்நாட்டின் வருவாய்க் கிராமத்துக்கு இணையானது. ஒவ்வொரு தானாவுக்கும், அதாவது காவல் நிலைய எல்லைக்கும், உட்பட்ட மௌஜாக்கள் வரிசையாக எண்ணிடப்பட்டு, அந்த எண் ஜே.எல். எண் என்று வழங்கப்படுகிறது. நிலப் பத்திரத்தில் மௌஜாவின் பெயரோடு ஜே.எல். எண், தானா, மாவட்டம் ஆகியவை எழுதப்படுவதால், ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு மௌஜாக்கள் இருந்தாலும் குழப்பம் எழ இடமில்லை. வங்கக் கிராமத்துக் குடியானவருக்கு இவ்வெண் மனப்பாடமாக இருக்கும். பட்டா எண்ணும் புல எண்ணும் தமிழ்நாட்டு உழவருக்கு எப்படியோ, அப்படி.

நாடு தழுவிய தீர்வு 1972 ஆகஸ்ட் 15ஆம் நாள் வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த அஞ்சல் குறியீட்டு எண் முறைக்கு, ஒரே பெயருடைய ஊர்களும், பல மொழிகளில் பலவாறாக எழுதப்படும் முகவரிகளும் அஞ்சல் பிரிப்போருக்குத் தந்த இடர்ப்பாடே முதன்மையான காரணம். ஆறு இலக்கங்களில் முதலாவது நாட்டின் மண்டலத்தையும், இரண்டாவது உள்மண்டலத்தையும், மூன்றாவது அஞ்சல் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், இறுதி மூன்றும் அஞ்சல் நிலையத்தையும் காட்டுகின்றன. கொல்கத்தா அலிப்பூர் 700027 ஆகவும், தில்லி அலிப்பூர் 110036 ஆகவும், அலிப்பூர்துவார் 736121 ஆகவும் பிரிந்தபோது, முதல் இலக்கமே தில்லியை வங்கத்திலிருந்து விலக்கிவிட்டது. ஏழில் தொடங்கும் இரண்டு வங்க ஊர்களையும் அடுத்த இலக்கங்கள் பிரித்தன.

ஆயினும் ரயில் பயணிக்கு ஒரு பொறி மீதமிருக்கிறது. கொல்கத்தா அலிப்பூருக்குப் பக்கத்தில், எழுத்துகளால் பெயரிட்ட பிளாக்குகளாக வகுக்கப்பட்டு வளர்ந்த குடியிருப்பு நியூ அலிப்பூர்; சியால்தாவிலிருந்து பஜ்பஜ் செல்லும் புறநகர்த் தடத்தில் அதற்கு அப்பெயரிலேயே நிலையம் உண்டு. வடகிழக்கு எல்லை ரயில்வேயின் பெரிய தடத்தில் நியூ அலிப்பூர்துவார் என்ற நிலையமும், அதே நகரில் அலிப்பூர்துவார் சந்திப்பும் உள்ளன. முதலாவது, நகருக்குள் சில நிமிடப் பயணம். பிந்தியவை, ஓர் இரவு முழுதும் ஓட வேண்டிய தொலைவு. புதியது என்ற அடைமொழி எந்தப் பெயரின் முன்னும் வந்து உட்காரக் கூடியது என்பதால் அது தானே இன்னொரு பொதுப் பெயராகிவிடுகிறது. செக் நாட்டின் நோவா வெஸ்களுக்கும் தமிழ்நாட்டின் புதூர்களுக்கும் நேர்ந்ததும் இதுதான்; புதியது என்று பெயரிட்டவர்கள் அடுத்தடுத்த ஊராரும் அவ்வாறே பெயரிடுவார்கள் என்று எண்ணவில்லை.

மாவட்ட அளவிலேயே ஒரே பெயர் இரண்டு மாநிலங்களில் நிலவுகிறது: பிலாஸ்பூர் சத்தீஸ்கரிலும் இமாசலப் பிரதேசத்திலும், ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்திலும் இமாசலப் பிரதேசத்திலும், பிரதாப்கட் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உள்ளன. தமிழ்நாட்டில் 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது, சிவகங்கை மாவட்டத்தில் மருது சகோதரர் நினைவோடு விளங்கும் திருப்பத்தூரும், திருச்சிக்கு அருகே பிரம்மபுரீசுவரர் கோயிலால் அறியப்படும் திருப்பட்டூரும் ஒலியால் அதற்கு அண்டையாயின. இணையவழிப் பதிவுகளில் பட்டியலிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய விண்ணப்பதாரருக்கு இது நடைமுறைச் சிக்கல். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் குறியீட்டு எண் அளிக்கப்பட்டுள்ளதால், கணினிக்குச் சிக்கல் தீர்ந்தது. எண்ணை அறியாத மனிதருக்குத் தீரவில்லை.

பெயரை மாற்றுவதற்கு மத்திய உள்துறை 1953இல் வகுத்த நெறிமுறைகள், மக்களுக்குப் பழகிப்போன பெயர்களைத் தக்க காரணமின்றி மாற்றலாகாது என்பதையும், வரலாற்றுத் தொடர்புள்ள பெயர்களை இயன்றவரை காக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகின்றன. புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது மாநிலத்திலும் சுற்றுப்புறத்திலும் அதே பெயரில் வேறோர் ஊர் இல்லாதிருப்பதைப் பார்த்துக்கொள்ளுமாறும் கூறுகின்றன. இந்த மூன்றாம் விதி புதிதாகப் பெயரிடுவோருக்கே உரியது என்பது கருதத் தக்கது. ஏற்கெனவே உள்ள பொதுப் பெயர்களை ஒழிக்க வேண்டும் என்று அந்நெறிமுறை சொல்லவில்லை, சொல்லாததும் சரியே.

தமிழ்நாட்டில் 2020 ஜூன் மாதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிடப்பட்ட அரசாணை, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஒலிப்பைப் பற்றி அப்போது நடந்த விவாதத்தின் அளவுக்கு, ஊர்களின் தலைப்பெழுத்துகளைப் பற்றி இதுவரை பேச்சு எழவில்லை. அலிப்பூர்துவாரின் துவார் முழுச் சொல்லாக நின்றதால் அதன் வரலாறு கெடாமல் இருக்கிறது. ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்ட தமிழ்நாட்டு அடைமொழிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பேருந்துப் பலகையில் எஸ்., ஜி., ஈ. என்று எழுதப்படும் எழுத்துகளின் விரிவு ஊரின் இளைஞர் பலருக்குத் தெரிவதில்லை. பழைய நில அளவைப் பதிவேடுகளிலும், மாவட்ட விவரச் சுவடிகளிலும், முதியோர் நினைவிலும் அவ்விரிவுகள் இன்னும் கிடைக்கின்றன. வட்டந்தோறும் அவற்றைத் திரட்டி, கிராம நிர்வாக அலுவலரின் கணக்கிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் முழுப்பெயராக எழுதி வைப்பது ஓராண்டுக்குள் முடியக் கூடிய பணி.